எந்த ஸ்லேட்டர்?

ரோடா மணமகளாக வந்து இறங்கிய அன்று, மாமியார் கேட்ட முதல் கேள்விக்கே அவளுக்குப் பதில் தெரியவில்லை.

எல்ஜினிலிருந்து வந்த பஸ் மேட்டிலேயே நின்றுவிட்டது. ஒற்றைப் பெட்டியைப் புருஷன் கிப் தூக்கிக்கொள்ள, கடலைப் பார்த்து இறங்கும் செங்குத்தான சந்தில் இருவரும் நடந்து வந்தார்கள். ஈரக்கையை ஏப்ரனில் துடைத்தபடி வாசலில் நின்ற கிப்பின் அம்மா, மருமகளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முழுப் பேர் என்னம்மா?"

"ரோடா ஸ்லேட்டர், அத்தை."

அம்மாவின் முகம் சட்டென்று மலர்ந்தது. "அட, ஸ்லேட்டரா! நம்ம ஊர்ப் பேராச்சே. எந்த ஸ்லேட்டர்?"

ரோடா கிப்பைப் பார்த்தாள். கிப் பெட்டியைப் பார்த்தார்.

அந்த மீனவர் ஊரான போர்ட்கிரேகியில் பாதி வீடு ஸ்லேட்டர். மீதியில் பாதி மேர், பாதி ஃப்ளெட். ஆண்பிள்ளைகளில் வில்லியமும் ஜானும் ஜேம்ஸும் தவிர வேறு பெயர் வைக்கப் பெரும்பாலும் யாருக்கும் தோன்றியதில்லை. அதனால் வம்சத்துக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஸ்லேட்டர் ஐஸ், ஸ்லேட்டர் டூக்கர், மேர் ஷேவி, ஃப்ளெட் ரோஸி. அது இல்லாமல் தபால்காரர் கடிதம் கொடுக்க முடியாது, படகில் கூலி பிரிக்க முடியாது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆனாலும் பிறந்த வீட்டுப் பட்டப்பெயர் போகாது. கடைசியில் கல்லறைக் கல்லில் அவளுடைய சொந்தப் பெயருக்குப் பக்கத்தில் அதையும் வெட்டுவார்கள்.

"எனக்குத் தெரியாது, அத்தை," என்றாள் ரோடா. "கிளாஸ்கோவுல, அநாதை இல்லத்துல வளர்ந்தவ நான். அம்மா பேரு கிறிஸ்டியன் ஸ்லேட்டர். அதுக்கு மேல யாரும் சொல்லல."

"அப்பிடியா." மலர்ந்த முகம் மெல்ல மூடிக்கொண்டது. "சரி, உள்ள வா. சூப் ஆறிடும்."

கெட்ட மனுஷி இல்லை. புகையிட்ட ஹாடக் மீன் சூப்பில் பெரிய துண்டாகப் பார்த்து மருமகளின் தட்டில்தான் போட்டாள். ஆனால் அந்தக் கேள்வி அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் மாட்டிய கோட்டுபோல அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளவும் இல்லை, எடுத்து எறியவும் இல்லை.

கிப் அவளைக் கண்டது மேற்குக்கரையில், மல்லேக் துறைமுகத்தில். ஹெர்ரிங் மீன் பிடிக்கப் போன அவர் படகு இயந்திரம் பழுதாகி அங்கே கிடந்தது. மீன் புகையிடும் கூடத்தில் வேலை செய்த பெண், முழங்கைவரை பொன்நிறக் கறையோடு வெளியே வந்து, "இந்தப் படகு எப்பவாவது நகருமா, இல்ல மாதாகோவில் மாதிரி இங்கேயே கட்டிட்டாங்களா?" என்று கேட்டாள். படகு நகர்ந்தபோது அவளும் வருவதாக முடிவாகியிருந்தது.

வந்த முதல் கோடையிலேயே ஊரைச் சிரிக்கவைத்தாள். துறைமுகத் திருவிழாவில் ஒரு பந்தயம் உண்டு. பெண்கள் பாவாடையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு, ஆண்களை முதுகில் சுமந்து, இடுப்பளவு தண்ணீரில் நடந்து படகில் ஏற்றவேண்டும். துறைமுகச் சுவர் கட்டுவதற்கு முந்தைய காலத்தில் அது பந்தயம் இல்லை, தினசரி வேலை. இரவெல்லாம் கடலில் கிடக்கப்போகிற புருஷன் நனைந்த காலோடு போகக்கூடாது என்று பொண்டாட்டிதான் படகுவரை சுமப்பாள். ரோடா கிப்பைத் தூக்கிக்கொண்டு மற்ற எல்லோரையும் முந்திப் போனாள். பாதி வழியில் கிப்புக்குக் குறும்பு வந்தது. குதிரையைத் தட்டுவதுபோல அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "ம், வேகமா!"

ரோடா நின்றாள். அடுத்த நொடி கிப் தண்ணீருக்கு அடியில் இருந்தார். கரையில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏன் அவ்வளவு சிரிக்கிறார்கள் என்று பிறகுதான் அவளுக்குச் சொன்னார்கள்.

அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான் அது. டூக்கர் வீட்டுப் பாத்தியா என்பவள், புருஷனையும் இரண்டு மகன்களையும் படகேற்றிவிட்டுத் திரும்பும்போது, நிலத்துக்குச் சொந்தக்காரரான துரை அவளைக் கூப்பிட்டாராம். பட்டுக் காலுறை நனையாமல் தன்னைக் கப்பலுக்குப் போகும் படகில் ஏற்றவேண்டும் என்று சொல்லி முதுகில் ஏறிக்கொண்டாராம். நடுவில் கைத்தடியால் தொடையில் தட்டி, "சீக்கிரம், சீக்கிரம்" என்றாராம். பாத்தியா ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கேயே, தண்ணீருக்குள், சாவகாசமாக உட்கார்ந்துவிட்டாள். துரையின் தொப்பி மட்டும் மிதந்ததாம். முக்கி எடுப்பதற்கு அந்தப் பக்கத்துப் பேச்சில் டூக் என்று பெயர். அன்றிலிருந்துதான் அவள் வீட்டுக்கு டூக்கர் என்ற பட்டம். அவள் உட்கார்ந்த இடத்துப் பாறைக்குத் துரைக்கல் என்று பெயர்.

ரோடாவுக்கு அந்தக் கதை என்றால் உயிர். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள், சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லித்தான் ஊட்டினாள். தொப்பி மிதக்கிற இடத்தில் கரண்டியைக் கிண்ணத்தில் மிதக்கவிடுவாள்.

சொந்தப் பிள்ளை பிறக்கவில்லை. கிப்பின் அம்மா படுக்கையில் விழுந்தபோது ரோடாதான் இரண்டு வருஷம் குளிப்பாட்டி, துடைத்து, உடுத்திவிட்டாள். போவதற்கு முந்தின வாரம் கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல பொண்ணும்மா நீ. எந்த ஸ்லேட்டர்னுதான் கடைசிவரைக்கும் தெரியாமப் போச்சு," என்றாள். ரோடா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்விடுவாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் எல்ஜின் நூலகத்துக்குப் பஸ் ஏறினாள். முதலில் அம்மாவைத் தேடினாள். அம்மாவின் அப்பா வில்லியம் கிடைத்தார். வில்லியமின் அப்பா ஜான் ஸ்லேட்டர் என்ற மாலுமி. இங்கிலாந்தில், ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் கல்யாணம் செய்துகொண்டவன். அவன் பிறந்த ஊர் எது என்று திரையில் படித்த அன்று நூலகத்தில் எழுந்து நின்றுவிட்டாளாம். போர்ட்கிரேகி. பஸ்ஸில் வரும்போதெல்லாம் தான் இறங்கும் அதே மேடு.

மாப்பிள்ளையின் தாய் பெயரை இங்கிலாந்துக் கல்யாணப் பதிவில் கேட்பதில்லை. தகப்பன் பெயர் மட்டும் இருந்தது, வில்லியம் ஸ்லேட்டர் என்று. அந்தக் காலத்தில் மகன் ஜானைக் கடலுக்கு அனுப்பிய வில்லியம் ஸ்லேட்டர் ஊரில் யார் யார் என்று பார்த்தாள். கேப்டன் வில்லியம் ஸ்லேட்டர் ஐஸ் இருந்தார். திமிங்கில வேட்டைக்குப் போய், பனியில் கப்பல் நொறுங்கி, மாலுமிகள் அத்தனை பேரையும் பனிமேல் நடத்திக் கூட்டிவந்தவர். துறைமுக முனையில் வெண்கலப் பலகை வைத்து, பள்ளிப் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு தடவை பூ வைக்கிறார்களே, அந்த ஐஸ். அவருக்கு ஜான் என்று ஒரு மகன் மாலுமியாகப் போனான் என்பது ஊருக்கே தெரியும்.

கிப் படகுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது சரிவில் ஓடிவந்தாள். வயது அறுபத்தைந்து; அதுவரை அவள் ஓடி அவர் பார்த்ததில்லை.

"கிப்! ஐஸ்! கிப், ஐஸ்!"

"எங்க வழுக்குது?"

"அட மடையா, நான் ஐஸ்! நான்தான்யா ஐஸ்!"

கேப்டனின் படத்தை எங்கிருந்தோ பிரதி எடுத்துச் சட்டம் போட்டுப் பாத்திர அலமாரிமேல் வைத்தாள். காலையில் திரைச்சீலையை விலக்கும்போது, "குட் மார்னிங், கேப்டன்," என்பாள். ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போகும்போது வெண்கலப் பலகையைப் போகிறபோக்கில் தடவிவிட்டுப் போவாள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. பின்னறைச் சுவரில் ஒரு சுருள் வால்பேப்பரைத் திருப்பி ஒட்டி, வெள்ளைப் பக்கத்தில் வம்ச மரத்தை வரைந்தாள். மரம் கூரைக்குப் போனபோது பக்கவாட்டில் திரும்பியது. "வந்து பாரேன், கிப்," என்பாள். "செத்தவங்க எங்கேயும் போயிட மாட்டாங்க, சூப்தான் ஆறுது," என்பார் கிப்.

ஆஸ்பத்திரியில், பேசவே மூச்சு வாங்கிய நாட்களில், ஒன்றே ஒன்று கேட்டாள். "கல்லுல ஐஸ்னு போடு. உங்கம்மா பக்கத்துலதான வைக்கப்போற? அவங்க படிக்கட்டும்."

"போடறேன்."

"பெரிசா போடு. அவங்களுக்குக் கண்ணு தெரியாது."

பிப்ரவரியில் போனாள்.

மண் இறுகி அமர்ந்த பிறகுதான் அங்கே கல் வைப்பார்கள். இலையுதிர்காலம் வந்ததும் கல்வெட்டுகிற ஆக்கி கெடிஸ் போன் செய்தான். "கிப் அண்ணே, கல்லு தயார். வர்ற வியாழன் எழுத்து வெட்டிடவா? ரோடா ஸ்லேட்டர்னு போட்டு, பட்டத்துக்கு இடம் விட்டிருக்கேன். ஐஸ்தானே?"

"ஐஸ்தான்," என்றார் கிப்.

அதே வாரம் பின்னறைச் சுவரில் ஈரம் கண்டது. வால்பேப்பர் நனைந்தால் மரம் முழுவதும் கரைந்துவிடும். பிரித்து எடுக்க ஒத்தாசைக்கு ஜெஸ்ஸி-ஆன் வந்தாள். கிப்பின் பெரியப்பா மகள், அவரைவிட மூன்று வயது மூத்தவள், நாக்கு மட்டும் இன்னும் இளமையாக இருந்தது.

"என்னடா இது, ஊரையே சுவத்துல ஏத்தி வெச்சிருக்கா!" கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். "கிறிஸ்டியன்... அவங்கப்பா வில்லியம்... அவங்கப்பா ஜான். ஜானுக்குப் பொண்டாட்டி ஆக்னஸ். அடேங்கப்பா, எட்டுப் பிள்ளையா? கடல்லயே இருந்தான்னியே, எப்ப வீட்டுக்கு வந்தானாம்?"

"அக்கா, பேப்பரப் பிடி."

"பிடிச்சிட்டுத்தான் படிக்கிறேன். மூத்த பையன் வில்லியம். சரி, அப்பனோட அப்பன் பேரு. மூத்த பொண்ணு மார்கரெட். பொண்டாட்டியோட அம்மா பேரா இருக்கும். ரெண்டாவது பொண்ணு..." ஜெஸ்ஸி-ஆன் நிறுத்தினாள். "டேய் கிப். கேப்டன் பொண்டாட்டி பேரு என்ன?"

"இசபெல். பலகையிலயே இருக்கே."

"ரெண்டாவது பொண்ணுக்கு யார் பேர் வெப்பாங்க?"

இந்தக் கேள்வியை அந்தக் கரையில் பால்குடி மறந்த குழந்தையிடம் கேட்கலாம். மூத்த பெண்ணுக்குத் தாயைப் பெற்றவள் பெயர், இரண்டாவது பெண்ணுக்குத் தகப்பனைப் பெற்றவள் பெயர். எங்கே போய் எந்த ஊரில் பிள்ளை பெற்றாலும் அப்படித்தான். பெற்ற தாயின் பெயரைத் தவிர்ப்பது, உயிரோடு இருக்கிறவளுக்குக் கல் வைப்பதுபோல.

கிப் மெதுவாக அருகில் வந்தார். ஆக்னஸின் வரிசையில் ஆறு பெண்கள். ஒருத்திகூட இசபெல் இல்லை. மார்கரெட்டுக்கு அடுத்து, ரோடாவின் உருண்டையான எழுத்தில் இருந்தது: பாத்தியா.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"ஊர்ல பாத்தியான்னு ஒருத்திதான்," என்றாள் ஜெஸ்ஸி-ஆன்.

"ம்."

"அவ புருஷன் பேரும் வில்லியம்தாண்டா. கடல்ல ரெண்டு மகன் போனதுக்கு அப்புறம் மூணாவது பையன் கோவிச்சிக்கிட்டு இங்கிலாந்துப் பக்கம் கப்பலேறிட்டான்னு எங்கம்மா சொல்வா. திரும்பியே வரலியாம்."

இந்தப் பெயர் வைக்கிற வழக்கம் ரோடாவுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அவள் வளர்ந்த இல்லத்தில் எந்தப் பெயரையும் யாருக்காகவும் வைக்கவில்லை. இங்கே வந்த பிறகும், பிள்ளைக்கு என்ன பெயர் என்று ஒரு இரவும் அந்த வீட்டில் சண்டை நடக்கவில்லை. யாராவது ஒருவர் சுவரைப் பார்த்திருந்தால் போதும். கூப்பிட்டபோது கிப் வந்து நின்றிருந்தால், சூப் ஆறுவதற்குள் சொல்லியிருப்பார்.

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு இருவரும் தேவாலயக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். டூக்கர்களின் கல் வடக்கு மூலையில் பாதி மண்ணுக்குள் இருந்தது. ஜெஸ்ஸி-ஆன் கைப்பிடிப் புல்லைச் சுருட்டிப் பாசியைத் தேய்த்தாள். வில்லியம் ஸ்லேட்டர் டூக்கர். அவர் மனைவி பாத்தியா மேர். கடலில் மாண்ட மகன் ஜேம்ஸ். கடலில் மாண்ட மகன் அலெக்சாண்டர். அதற்குக் கீழே, இன்னொரு பெயருக்கு வேண்டிய அளவு இடம் விட்டு, கல்லை வழவழவென்று தேய்த்து வைத்திருந்தார்கள். அதில் ஒன்றும் எழுதவில்லை.

"காத்துக்கிட்டு இருந்திருக்கா, பாவி," என்றாள் ஜெஸ்ஸி-ஆன். சுருட்டிய புல்லை வீசிவிட்டு எழுந்தாள். "சரி, இப்ப என்ன பண்ணப்போற? வியாழக்கிழமை ஆக்கி வர்றான்."

"தெரியல."

"நான் சொல்றேன் கேளு. ஐஸ்னே போட்டுடு. அவளுக்கு வாக்குக் கொடுத்த. சந்தோஷமாப் போனா. கல்லு என்ன கோர்ட்டா, பொய் சொன்னா ஜெயில்ல போட?"

"ம்."

"கேப்டன் வந்து கேக்கப்போறாரா? 'யாரும்மா நீ, என் பேர்ல'ன்னு?"

"கேப்டன் கேக்க மாட்டாரு." கிப் இரண்டு வரிசை தள்ளி இருந்த இடத்தைப் பார்த்தார். அம்மாவின் கல்லும், அதை ஒட்டி இன்னும் கல் வைக்காத புல்மேடும். "எங்கம்மா கேப்பா."

"செத்து இருபது வருஷம் ஆச்சுடா!"

"ஆனா என்ன? இந்த ஊர்ல யாருக்கு யார் பாட்டின்னு அவளுக்கு அத்துப்படி. ஐஸ்னு படிச்சதும், 'இல்லியே'ன்னு சொல்லிடுவா. பக்கத்துல படுத்துக்கிட்டு, நாள் முழுக்க, 'இல்லியே, இல்லியே'ன்னு. ரோடா என்ன பண்ணுவா? எந்திரிச்சு ஜன்னல் பக்கம் போகக்கூட முடியாது."

ஜெஸ்ஸி-ஆன் பாசிக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அன்று மாலை கிப் இரண்டு கோப்பைத் தேநீர் ஊற்றிவிட்டார். ஒன்றைத் திரும்பக் கவிழ்க்க மனமில்லாமல் கேப்டனின் படத்துக்கு முன்னால் வைத்தார். அவள் ஐஸ் என்ற சொல்லை எப்படி ருசித்துச் சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். ஒன்பது வருஷம் அதைச் சொல்லி நிமிர்ந்து நடந்தாள். அதைப் பிடுங்கிக்கொள்வதுபோலத்தான் இருந்தது. ஆனால் அவள் கேட்டது கேப்டனை அல்ல. அந்த வாசற்படியில் பெட்டியோடு நின்றபோது சொல்ல முடியாமல் போன பதிலை. இத்தனை வருஷம் கழித்து அது கையில் இருக்கிறது. கொடுக்கத்தான் ஆள் இல்லை.

வியாழக்கிழமை ஆக்கி உளியோடு வந்தான். கிப் சொன்னதைக் கேட்டு, காதிலிருந்து பென்சிலை எடுத்தவன் அப்படியே நின்றான்.

"டூக்கரா? துரைய முக்கின டூக்கரா? நம்ம ரோடா அக்காவா?"

"ஆமா."

"அண்ணே, விளையாடாதீங்க. எங்க பள்ளிக்கூடத்துல அந்தக் கதையைச் சொல்லித்தான் எனக்கு முட்டைக்கோசு ஊட்டினாங்க. கரண்டிய மிதக்கவிட்டு!" சிரிக்கத் தொடங்கியவன், கிப்பின் முகத்தைப் பார்த்து வாயை மூடினான். "மன்னிச்சுக்குங்கண்ணே."

"சிரிடா," என்றார் கிப். "நல்லா சிரி. பெரிசா வெட்டு. எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாது."

ரோடா ஸ்லேட்டர் டூக்கர். அதன் கீழே கிப்பின் முழுப்பெயரோடு, கில்பர்ட் மேர் ஷேவியின் அன்பு மனைவி. மாலைக்குள் முடிந்துவிட்டது. ஆக்கி கல்தூளை ஊதிவிட்டு, சுத்தியல் பிடித்த கையால் ஒரு தடவை எழுத்தைத் தடவிப் பார்த்தான்.

கிப் வீட்டுக்குப் போகாமல் கடற்கரைக்கு இறங்கினார். கடல் உள்வாங்கியிருந்தது. துரைக்கல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த முதல் கோடையில், தண்ணீருக்கு அடியிலிருந்து அவர் தலையைத் தூக்கியபோது முதலில் கேட்டது ஒரு குரல்தான். துறைமுகச் சுவர்மேல் உட்கார்ந்திருந்த கிழவன் டாட் ஃப்ளெட், பல்லில்லாத வாயைத் திறந்து கத்தினான்: "எந்த ஸ்லேட்டர்னு கேட்டீங்களே! டூக்கர்டா இவ! பாத்தாத் தெரியல?" எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும், "சும்மா உளறாத டாட், டூக்கர் வம்சம் எப்பவோ அத்துப்போச்சு," என்றாள். தலைமுடி முகத்தில் ஒட்ட, இடுப்பளவு தண்ணீரில் நின்ற ரோடா எதுவும் விளங்காமலே எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

தட்டுவதற்கு முந்தைய கணம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் முதுகின் சூடு. கழுத்தில் இன்னும் போகாத புகைக்கூடத்து வாசனை. கீழே குளிர்ந்த தண்ணீர் அவள் தொடையை வெட்டிக்கொண்டு போக, தன் கால் மட்டும் ஒரு சொட்டு நனையாமல் தொங்கியது.

அவர் ஷூவோடு தண்ணீரில் இறங்கினார். கணுக்கால், பிறகு முழங்கால்.

மேலே சந்து முனையிலிருந்து ஜெஸ்ஸி-ஆன் பார்த்துவிட்டாள். "டேய் கிப்! அறிவு கெட்டவனே! ஷூவோடயா இறங்குவ? காலெல்லாம் நனையுதுடா!"

கிப் திரும்பாமலே கையை உயர்த்தினார்.

"தூக்கிட்டுப் போக ஆள் இல்லியேக்கா," என்றார்.